ஆனி, ஆடியில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வரலாமா? கடலோர மழைக்காலப் பயணம் குறித்த விவாத இழை

வைகைக்கரை | ஜூன் 18

அனைவருக்கும் வணக்கம். ஜூலை இரண்டாம் வாரத்தில் சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்று நாள்கள் மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு வர எண்ணியிருக்கிறோம். நான், மனைவி, 71 வயதான அம்மா, 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் வருகிறோம். கோடை விடுமுறையில் வர முயன்றபோது அறை கிடைக்கவில்லை. இப்போது அதே அறைகள் ஏறக்குறைய பாதி வாடகைக்குக் கிடைக்கின்றன. வாடகை குறைந்திருப்பதே எனக்குச் சற்றுத் தயக்கத்தைத் தருகிறது. மழையில் மூன்று நாளும் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க நேருமா, படகு ஓடுமா, பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா என்பவற்றை உள்ளூர்க்காரர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அம்மா திருமணமான புதிதில் ஒரு முறை அங்கே வந்தவர். அப்போது வள்ளுவர் சிலை இல்லை. முக்கடலில் கால் நனைக்கவேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்பது.

வடசேரி | ஜூன் 18

தாராளமாக வாருங்கள். ஆனால் "மழைக்காலம்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் மாவட்டத்துக்குத் திட்டம் போடாதீர்கள். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளைப் போலன்றி எங்களுக்கு இரண்டு பருவமழையும் நன்றாகவே உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மேற்கே விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்கள் இதை இன்றும் இடவப்பாதி என்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதாவது ஐப்பசி கார்த்திகை மழை. இவற்றில் கூட்டமில்லாத காலம் முதலாவது மட்டுமே. இரண்டாவது மழை பெய்து கொண்டிருக்கும்போதே கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். தை மாதப் பிறப்பு வரை கன்னியாகுமரி ஊருக்குள் கால் வைக்க இடமிருக்காது, அறை வாடகையும் ஏறிவிடும். ஆகவே நீங்கள் கண்ட குறைந்த வாடகை மழையால் மட்டும் வந்ததாக நினைக்கவேண்டாம். பள்ளிகள் திறந்துவிட்டன, ஐயப்ப பக்தர்களின் காலம் இன்னும் வரவில்லை என்பதும் காரணம்.

அடுத்தது மழையின் அளவு. ஆனி, ஆடியில் குலசேகரத்திலும் திருவட்டாற்றிலும் குடை பிடித்தும் நனைகிற அளவுக்குக் கொட்டும் அதே நேரத்தில் குமரி முனையில் வெயில் அடிப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மலையை ஒட்டிய மேற்குப் பகுதிக்குத்தான் மழை அதிகம். கிழக்கே அகஸ்தீஸ்வரம் பக்கம் வர வர அது குறையும். முனைக்கு வருகிறவர்களைத் தொந்தரவு செய்வது மழையைவிடக் காற்றுதான். நீங்கள் திருநெல்வேலி கடந்து வரும்போது முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்ப்பீர்கள். கணவாய் வழியாக அந்தக் காற்று பாய்வது இந்த மாதங்களில்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொன்னதை இங்கே கண்ணால் காணலாம். அம்மாவுக்குக் காதை மூடும்படி ஒரு துண்டோ சால்வையோ எடுத்து வாருங்கள். குடை அங்கே உதவாது.

படகைப் பொறுத்தவரை, பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் அன்றன்றைய கடலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. கடல் சீற்றமாக இருந்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ நிறுத்திவிடுவார்கள். முன்பு விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடினாலும் வள்ளுவர் சிலைக்கு ஓடாத நாள்கள் நிறைய உண்டு. 2024 டிசம்பர் 30 அன்று இரண்டு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடி இழைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தக் குறை தீர்ந்தது. பாறைக்குப் போய்விட்டால் நடந்தே சிலைக்குச் செல்லலாம். ஆயினும் முதல் படகே ஓடாவிட்டால் பாலம் இருந்தும் பயனில்லை. எனவே படகை ஒரே நாளுக்கு என்று வைத்துக்கொள்ளாமல், மூன்று நாளும் காலையில் படகுத்துறையில் விசாரித்து, ஓடுகிற நாளில் முதல் வேலையாகப் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் காற்று வலுத்து நிறுத்தப்படுவது வழக்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடலில் சூரியன் மறைவதைக் காணலாம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இந்த மாதங்களில் சூரியன் வடமேற்கே சாய்ந்திருப்பதால், முனையில் நின்று பார்த்தால் நிலத்தின் பக்கமாகத்தான் மறையும். அதுவும் மேகம் வழிவிட்டால்தான் தெரியும்.

தாம்பரம் | ஜூன் 19

சென்ற ஆண்டு ஜூலையில் நாங்கள் பட்டதைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கடலைப் பார்த்த அறை என்று கூடுதல் பணம் கட்டி, மூன்று நாள்களுக்கும் முன்பணம் செலுத்தியிருந்தோம். இரண்டு நாளும் படகு இல்லை. சன்னல் சட்டத்தின் வழியே காற்றோடு உப்புச் சாரல் உள்ளே வந்து மெத்தையின் ஒரு பக்கம் ஈரமாகிவிட்டது. மூன்றாம் நாளை விட்டுக்கொடுத்துப் புறப்படுகிறோம் என்றபோது ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பின்பக்கக் கடற்கரையில் பயமில்லாமல் குளிக்கலாம், தினமும் ஆள்கள் குளிக்கிறார்கள்" என்று அங்கே பணியில் இருந்தவர் என் மகனிடம் சொன்னார். அவன் இடுப்பளவு நீரில் நின்றிருந்தபோது காலடி மணல் சரிந்து, இரண்டு அலைகளுக்குள் பத்தடி உள்ளே போய்விட்டான். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அறையை ஒரு நாளுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். காலியாகத்தான் இருக்கும், மறுநாளும் அதே விலைக்குத் தருவார்கள்.

மேற்குக்கரை | ஜூன் 19

தாம்பரத்து நண்பர் எழுதியதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் முட்டத்துக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவன். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள்.

எங்கள் மாவட்டத்தின் கடல் ஒன்றல்ல என்பதற்கு அரசின் மீன்பிடித் தடையே சான்று. கிழக்கே சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்கே முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைதான் என்றாலும், எங்கள் பக்கத்துக் கடல் மிக மோசமாக இருக்கும் நாள்களும் அவைதாம். பெரிய விசைப்படகே கட்டிக்கிடக்கிற காலத்தில், நீச்சல்குளத்தில் பழகிய பிள்ளை அதில் இறங்குவதை எந்தக் கடற்கரைக்காரனும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

மழைக்காலத்தில் கரையே மாறிவிடுகிறது. மாசியில் சொத்தவிளையிலோ சங்குத்துறையிலோ நீங்கள் நடந்த அகலமான மணற்பரப்பை ஆனியின் அலைகள் அரித்து உள்ளே கொண்டுபோய்விடும். எஞ்சிய கரை செங்குத்தாக இறங்கும். அதனால்தான் இடுப்பளவு நீர் என்று நின்றவர் அடுத்த அடியில் கழுத்தளவுக்குப் போகிறார். கரையில் மோதிய நீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். அந்த வழியைக் கண்ணால் பார்க்கலாம். அலைகள் வரிசையாக வெள்ளை நுரையாக உடையும்போது, நடுவே ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல், நுரை குறைந்து, மணல் கலந்த கலங்கல் நீர் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் "இங்கே அலை குறைவாக இருக்கிறது" என்று சரியாக அந்த இடத்தில்தான் இறங்குகிறார்கள். அதுதான் இழுக்கும் இடம். சிக்கிக்கொண்டவர் கரையை நோக்கி நீந்தித் தோற்றுப்போகாமல், மிதந்தபடி பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பிலிருந்து விடுபடலாம். ஆனால் பதறிய மனிதனுக்கு அந்த நேரத்தில் இது நினைவுக்கு வராது. அதனால்தான் இறங்காதீர்கள் என்கிறேன்.

மழை பெய்யவில்லையே, வானம் நீலமாக இருக்கிறதே என்ற நினைப்புத்தான் எனக்கு மிகவும் அச்சம் தருவது. நாங்கள் கள்ளக்கடல் என்று சொல்வது கள்ளனைப் போல வருவது. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் கடைக்கோடியில் புயல் எழுப்பிய நெடிய அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே வந்து கரையேறும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. இது சித்திரை, வைகாசியில் அதிகம் வரும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேரை அலை இழுத்துச் சென்றது அப்படிப்பட்ட எச்சரிக்கை நடப்பில் இருந்த ஒரு காலைப் பொழுதில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. பயணத்துக்கு முன் வானிலையைப் பார்ப்பவர்கள் அதையும் பார்க்கவேண்டும்.

முட்டத்துப் பாறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாறையில் எதுவரை கறுத்து ஈரமாக இருக்கிறதோ அதுவரை அலை வந்து போயிருக்கிறது என்று பொருள். பெரிய அலைகள் சில நிமிடங்களுக்கு ஒரு முறை கூட்டமாக வரும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கடல் அமைதியாக இருக்கிறது என்று அந்த ஈரக்கோட்டைத் தாண்டக்கூடாது. கலங்கரை விளக்கத்தின் பக்கம் மேலே நின்று பார்த்தாலே கடல் முழுவதும் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மாதங்களில் அழிக்கால் போன்ற ஊர்களில் கடல் தெருவுக்குள் நுழைந்து வீட்டு வாசலில் மணலைக் கொட்டிவிட்டுப் போகிறது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கற்களால் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு எங்கள் மக்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள். அந்த நாள்களில் காரை நிறுத்திவிட்டு, அடுப்படியிலிருந்து சட்டியால் நீரை இறைக்கும் பெண்களைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அம்மாவை அப்படி ஒருவர் எடுத்தார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தாம்பரம் | ஜூன் 20

உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்தபோது வருத்தமாக இருந்தது. என் மகனைக் கரையேற்றியவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: கடலில் இறங்கக்கூடாது, படகு நிச்சயமில்லை, சூரியன் மறைவும் தெரியாது என்றால் ஒரு கடற்கரை ஊருக்கு எதற்காக வரவேண்டும்? நேர்மையாக, தை, மாசியில் வாருங்கள் என்று சொல்லிவிடுவதுதானே முறை?

குலசேகரம் | ஜூன் 20

மாவட்டம் என்றாலே கடற்கரை மட்டும்தான் என்று நினைப்பவர்களின் கேள்வி அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலானவர்கள் முனையில் ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் அவர்கள் தவறவிடுவது எங்கள் பக்கத்தை.

பேச்சிப்பாறை அணையைப் பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் மாதத்தில் திறப்பார்கள். கன்னிப்பூ எனப்படும் முதல் போக நெல்லுக்கான நீர் கால்வாய்களில் ஓடத் தொடங்கும். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. அதைக் கட்டிய பொறியாளர் மின்சினின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கோடையில் பார்ப்பவர்கள் வறண்ட சிமெண்டுத் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். காமராசர் காலத்துத் திட்டமான அந்தப் பாலம் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 1,240 அடி நீளத்துக்கு நீரைச் சுமந்துகொண்டு போவதை இப்போதுதான் பார்க்கமுடியும். ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு நீர் உங்கள் கூடவே நடந்து வரும். கீழே ஆறு இன்னொரு திசையில் ஓடும். பலத்த காற்றோடு மழை பெய்யும் நேரத்தில் மட்டும் சின்னப் பிள்ளையை அதன் மேலே அழைத்துச் செல்லாதீர்கள்.

திற்பரப்பு அருவிக்கு வருவதென்றால் அன்று காலை விசாரித்துவிட்டு வாருங்கள். மலையில் மழை வலுத்து அணையிலிருந்து உபரிநீரைத் திறந்தால் கோதையாற்றில் வெள்ளம் வந்து, அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். குழித்துறையில் ஆற்றின் குறுக்கே தாழ்வாக உள்ள சப்பாத்துப் பாலம் மூழ்கியது என்று செய்தி வந்தால், அருவியிலும் குளிக்க விடமாட்டார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். தடை இல்லாத நாளில் அங்கே குளிப்பது கடலில் இறங்குவதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.

மழை விடாத நாளுக்குத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் இருக்கிறது. நானூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் 2022 ஜூலை 6 அன்று அங்கே குடமுழுக்கு நடந்தது. 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல்கள் வழியாகப் பார்க்கவேண்டும். சுற்றுப் பிரகாரம் முழுவதும் கற்கூரை என்பதால் அம்மா நனையாமல் நிதானமாகச் சுற்றி வரலாம். ஆண்கள் சட்டையைக் கழற்றவேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையைச் சனி அல்லது ஞாயிறன்று வைத்துக்கொள்ளுங்கள்; திங்கட்கிழமை விடுமுறை. மலையோரத் தோட்டங்களில் நடப்பதாக இருந்தால் அட்டைக்குக் கொஞ்சம் உப்போ மூக்குப்பொடியோ கையில் வைத்திருங்கள்.

இந்த மழை எங்களுக்கு எல்லா நாளும் இனியது என்றும் சொல்லமாட்டேன். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. அன்றைய கூலி அன்றோடு போய்விடும்.

சன்னதித் தெரு | ஜூன் 21

குமரி அம்மன் கோவில் பக்கம் சிறு கடை வைத்திருப்பவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் எங்களுக்கு வியாபாரம் மிகக் குறைவு. ஆகவே வாருங்கள் என்று அழைப்பதில் என் வயிற்றுப்பாடும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்குச் சொல்கிறேன். முக்கடல் துறையில் பாறைகள் ஓரளவு அலையைத் தடுக்கும் இடம் உண்டு. காவலர் அனுமதிக்கிற நேரத்தில், படியில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டால் வருகிற தண்ணீரே காலை நனைத்துவிட்டுப் போகும், இறங்கவே வேண்டாம். படியில் பாசி இருக்கும், செருப்போடு கால் வைக்காதீர்கள். ஆடி அமாவாசை அன்று மட்டும் முதியவர்களை அழைத்து வராதீர்கள். தர்ப்பணக் கூட்டத்தில் நிற்க முடியாது. அந்த நாளை ஒட்டிக் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி நடக்கும். மரக்கன்று வாங்க விருப்பம் இருந்தால் அங்கே போகலாம்.

வடசேரி | ஜூன் 21

தாம்பரத்து நண்பரின் கேள்வி நியாயமானது. கடலில் குளிப்பது ஒன்றே நோக்கம் என்றால், இந்த மாதங்களில் வரவேண்டாம் என்று நானும் சொல்வேன். ஆனால் தை, மாசிதான் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், கார்த்திகையும் பாதுகாப்பான காலம் என்று யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும். ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் 30 அன்று. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழை பெய்தபோது இங்கே ஐயப்ப பக்தர்கள் நிறைந்திருந்தார்கள். கூட்டம் வருகிற காலத்தைப் பாதுகாப்பான காலம் என்று நம்பிவிடக்கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன்.

வைகைக்கரை | ஜூலை 16

சொன்னபடி வந்து, நேற்று முன்தினம் இரவு வீடு திரும்பினோம். எங்களுக்காக நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நடந்ததைச் சொல்வது என் கடமை.

அறையை நாகர்கோவிலில் எடுத்தோம். அதனால் கடல் சரியில்லை என்றால் மேற்கே திரும்ப வசதியாக இருந்தது. சனிக்கிழமை படகு இல்லை. அரண்மனைக்குப் போனோம். போய்ச் சேர்ந்த கால் மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, எங்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. ஓட்டுக் கூரைகளிலிருந்து நான்கு பக்கமும் முற்றத்தில் நீர் வடிய, அம்மா மரத்தூணில் சாய்ந்து அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் மைக்காப் பலகை வழியாக வந்த மங்கலான வெளிச்சம் கறுத்த தரையில் விழுந்தபோது, என் சின்னவள் தரை ஈரமாக இருக்கிறது என்று நினைத்துக் குனிந்து கையால் தொட்டுப் பார்த்தாள். கை நனையவில்லை. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த தரை என்று அங்கிருந்தவர் சொன்னபோது அவள் நம்பவில்லை.

ஞாயிறு காலை படகு ஓடியது. எட்டு மணிக்கு முன்பே வரிசையில் நின்று முதல் சுற்றிலேயே போய்விட்டோம். பாலத்தின் நடுவே கண்ணாடிக்குக் கீழே அலை புரள்வதைப் பார்த்து மூத்தவன் நின்றுவிட்டான். அம்மா அவன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். பதினொன்றரை மணிக்கு நாங்கள் கரைக்குத் திரும்பியபோது, காற்று காரணமாகப் படகு நிறுத்தப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வடசேரி அண்ணாச்சி சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்தது. அன்று மாலை மாத்தூரில் நீர் நிறைந்து ஓடியதைக் கண்டோம். திற்பரப்பில் குளிக்கத் தடை.

திங்கட்கிழமை காலை முக்கடல் துறைக்குப் போனோம். படியில் இறங்கக் காவலர் அனுமதிக்கவில்லை; அலை மேல்படி வரை ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கி நின்றபோது, மண்டபத்தின் ஓரமாக உட்கார்ந்திருந்த அவருடைய கால்வரைக்கும் ஓர் அலையின் சாரல் காற்றில் வந்து விழுந்தது. சேலை நுனி நனைந்தது. போதும், கிளம்பலாம் என்றார்.

மேற்குக்கரை | ஜூலை 16

அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காமல் கூட்டிப்போனதற்கு நன்றி. மாசி மாதம் அவரை மறுபடி அழைத்து வாருங்கள். எங்கள் ஊர்க் கரையில் அப்போது கடல் குளம் போலக் கிடக்கும், முழங்கால் அளவுக்கு நானே கைப்பிடித்து இறக்கிவிடுகிறேன். இந்த வாரம் வரத் திட்டமிட்டு இந்த இழையைப் படிப்பவர்களுக்கு: இன்று காலையும் எங்கள் பக்கம் வள்ளம் எதுவும் இறங்கவில்லை.